அஞ்சறைப்பெட்டி மூணே மாசத்துல வெடிக்குது, விலையும் கட்டுப்படி ஆகலை. வழி சொல்லுங்க

கேள்வி: ரெட்டிச்சாவடிப் பட்டறை

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல இருந்து புதுச்சேரி போற வழியில ரெட்டிச்சாவடி. அங்க வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டாய் போட்டு சின்னதா ஒரு தச்சுப்பட்டறை நடத்தறேன். வயசு 36. அப்பா ஆசாரி. கதவு, நிலை, கட்டில்னு ஆயுசு முழுக்க அதே வேலை. 2021ல தவறிட்டாங்க. அதுவரைக்கும் நான் ஒரு கம்பெனியில கணக்கு எழுதிட்டிருந்தேன். அவங்க உளிப்பெட்டியை விலைக்குக் கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க. குடுக்க மனசு வரலை. சின்ன வயசுல பக்கத்துல உக்காந்து இழைப்புச் சுருளைப் பொறுக்கிட்டே பார்த்த வேலை கையில கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. 2022 தை மாசம் முதல் அஞ்சறைப்பெட்டியைச் செஞ்சேன்.

இப்ப செய்யறது மூணு சாமான்: அஞ்சறைப்பெட்டி, பல்லாங்குழி, கரண்டி வகை. ஓடறது அஞ்சறைப்பெட்டிதான். 12க்கு 8 இஞ்ச், உயரம் 3 இஞ்ச். பலா மரம். நாலு மூலையும் கழுந்து (ஒரு பலகை முனையில நாக்கு மாதிரி செதுக்கி இன்னொண்ணுல செருகற மூட்டு) வச்சுச் சேர்க்கறேன். மூடி இழுத்து மூடற மாதிரி. ஒரு சின்ன டேபிள் ரம்பமும் ஒரு டிரில்லும் இருக்கு, மத்ததெல்லாம் கை வேலை. புதுச்சேரியில ரெண்டு கடையில வச்சிருக்கேன். வெளியூருக்கு இன்ஸ்டாகிராம்ல கேக்கறவங்களுக்குக் கூரியர்.

பிரச்சினை என்னன்னா, முதல் ரெண்டரை வருஷத்துல 140 பெட்டிக்கு மேல போயிருக்கு, ஒரு புகார் கிடையாது. போன ஐப்பசியில இருந்து தை வரைக்கும் 23 பெட்டி போச்சு. அதுல ஆறு வெடிச்சிடுச்சு. ஹைதராபாத்துல ஒரு அம்மா பங்குனி மாசம் போட்டோ அனுப்பினாங்க. அடிப்பலகை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பிளந்திருக்கு. பத்து ரூபா நாணயத்தை அந்த இடுக்குல செருகி எடுத்திருக்காங்க, நேரா உள்ள போகுது. சமையலறைத் தட்டு முழுக்கக் கடுகு. "உங்க பெட்டி அழகா இருக்கு, ஆனா கடுகு ஒழுகுது"ன்னு எழுதியிருந்தாங்க. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

பசைதான் காரணம்னு ரெண்டு தடவை மாத்திப் பார்த்துட்டேன். தண்ணி தாங்கற விலை உசந்த பசை போட்டதுல வெடிப்பு இன்னும் அதிகமாத்தான் ஆச்சு. கை தப்பிப்போச்சோன்னு பயமா இருக்கு.

ரெண்டாவது விஷயம் விலை. பெட்டி 1,450 ரூபாய். கடைக்காரங்க 35 சதவீதம் எடுத்துக்கறாங்க, எனக்கு 942 வருது. மாசக் கடைசியில கணக்குப் பார்த்தா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. வடநாட்டு சீஷம் மரப் பெட்டி இணையத்துல 700க்கே கிடைக்குது, அதனால ஏத்தவும் பயம். கணக்கு எழுதத் தெரிஞ்சவளுக்கே இது எங்க ஓட்டைன்னு பிடிபடலை.

அனுபவம் உள்ளவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க. போட்டோ மூணு போட்டிருக்கேன்.

பதில்: பாகூர் ஆசாரி

அம்மா, போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். ஒட்டு எங்கயும் விடலை. பலகை நட்டநடுவுல ரேகையோடவே போயிருக்கு. பசை நல்லாப் பிடிச்சிருக்கு, உங்க கழுந்தும் நல்லா உக்காந்திருக்கு. கை தப்பலை, அந்தப் பயத்தை விடுங்க. எனக்கு மூணு விஷயம் தெரியணும்.

அடிப்பலகையை எப்படிச் சேர்த்தீங்க, நாலு பக்கமும் பசையா, இல்ல காடியில (பள்ளமா இழுத்த கோட்டுக்குள்ள) விட்டீங்களா?

மரம் எங்க வாங்கினது, எப்ப அறுத்தது?

முதல் 140 பெட்டியும் இதே மரமா?

ரெட்டிச்சாவடிப் பட்டறை

ஐயா, உடனே பதில் போட்டதுக்கு நன்றி.

சட்டத்துக்கு (நாலு பக்கப் பலகைக்கு) அடியில படிக்கட்டு மாதிரி சின்னப் படி எடுத்து, அதுல அடிப்பலகையை வச்சு நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கறேன். முதல்ல இருந்தே அப்படித்தான்.

இப்ப இருக்கிற மரம் ஃபெஞ்சல் புயல்ல சாஞ்சது. 2024 நவம்பர் 30 ராத்திரி கரை ஏறினப்ப எங்க பக்கம் நிறைய மரம் போச்சு. ஒரு தோட்டத்துல பெரிய பலா ஒண்ணு, பூவரசு ஒண்ணு மலிவா வந்துச்சு. 2025 தை மாசம் அறுவை மில்லுல குடுத்து ஒரு இஞ்ச் பலகையா அறுத்தேன். கொட்டாய்ச் சுவர்ல சாய்ச்சு வச்சு, ஆறு மாசம் கழிச்சு ஆனியில எடுக்க ஆரம்பிச்சேன். தொட்டா நல்லா காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

முதல் 140 பெட்டி அந்த மரம் இல்லை. அப்பா பரண்ல அடுக்கி வச்சிருந்த பலா. அது 2024 ஆடியில தீர்ந்துடுச்சு. அப்பா எப்ப வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒவ்வொரு பலகை முனையிலயும் பென்சில்ல "தானே, பண்ருட்டி, 1"ன்னு எழுதியிருக்கும். இழைக்கும்போது அது போயிடும். நான் ஏதோ மில்லுக்காரர் அடையாளம்னு நினைச்சேன்.

இதை எழுதும்போதுதான் உறைக்குது. தானே புயல் 2011.

பதில்: பாகூர் ஆசாரி

அதேதான்மா.

2011 டிசம்பர் 30 விடிகாலையில தானே அடிச்சு பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பா விழுந்துச்சு. தாத்தா காலத்துப் பலாவெல்லாம் வேரோட சாஞ்சு கிடந்ததை நானே போய்ப் பார்த்தேன். விவசாயிங்க தலையில கை வச்சு உக்காந்திருந்தாங்க. அப்ப மரம் கேக்க ஆள் இல்லாம மலிவாப் போச்சு. தொழில் தெரிஞ்சவங்க கையில இருந்த காசுக்கு வாங்கி அறுத்துப் போட்டாங்க. உங்க அப்பாவும் வாங்கிப் போட்டிருக்கார். "1"ன்னா ஒரு இஞ்ச். வருஷம் தெரியறதுக்குத்தான் புயல் பேரு. நீங்க கையில எடுக்கறப்ப அந்தப் பலகைக்குப் பத்து வயசு. அதை நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கினாலும் பொறுத்துக்கிச்சு. ஆறு மாசப் பலகை பொறுக்காது.

காரணத்தை விவரமாச் சொல்றேன், ஒரு தடவை பிடிச்சிக்கிட்டீங்கன்னா அப்புறம் விடாது. மரம் நீளவாட்டுல ஏறாது, இறங்காது. அகலவாட்டுல ஏறும் இறங்கும். காத்துல ஈரம் கூடினா உப்பும், குறைஞ்சா சுருங்கும். அறுத்து, இழைச்சு, பாலிஷ் போட்டு நூறு வருஷம் ஆனாலும் இது நிக்காது. மரம் பழசாகப் பழசாக அந்த ஆட்டம் கொஞ்சம் அடங்கும். நம்ம கடலோரத்துல ஐப்பசி கார்த்திகையில கொட்டாயில வச்ச பலகையில 15, 16 சதவீதம் ஈரம் சாதாரணமா நிக்கும். அது காயாத மரம்னு அர்த்தம் இல்லை, இங்க காத்தே அப்படி. அதே பெட்டி ஹைதராபாத்துல பங்குனி வெயில்ல, ஏசி போட்ட வீட்டுல உக்காந்தா 8 சதவீதத்துக்கு இறங்கிடும். எட்டு இஞ்ச் அகலப் பலகை அதுக்குள்ள 2, 3 மில்லி சுருங்கியாகணும். நீங்க நாலு பக்கமும் பசை போட்டு அதைக் கட்டிப் போட்டுட்டீங்க. அது எங்க போகும்? நடுவுல கிழிச்சிக்கிட்டு இடம் தேடிக்கிச்சு. பசை எவ்வளவு கெட்டியோ கிழிசல் அவ்வளவு பெருசு. விலை உசந்த பசையில அதிகமா வெடிச்சதுக்கு அதுதான் காரணம். அந்த நாணயத்தோட கனம் சுமார் 2 மில்லி, கணக்கு சரியா வருதா?

அதனால ரெண்டு மாத்தம் பண்ணணும், ஒண்ணை விட்டு ஒண்ணு போதாது.

முதல்ல அடிப்பலகை. படி எடுக்கறதை விட்டுடுங்க. நாலு சட்டத்துலயும் உள்பக்கம் கால் இஞ்ச் ஆழத்துக்குக் காடி இழுங்க. பலகையை ஓரம் மெலிசாக்கி அந்தக் காடிக்குள்ள விடுங்க. பசை கூடாது. பலகை நீளவாட்டு ரெண்டு முனையிலயும் நட்டநடு மையத்துல மட்டும் ஒரு சொட்டு வைங்க, அப்பதான் ரெண்டு பக்கமும் சமமா ஏறி இறங்கும். அகலவாட்டு ஓரம் ரெண்டும் காடிக்குள்ள சும்மா நடமாடணும். இங்கதான் புத்தி வேணும்: சித்திரை வைகாசியில செஞ்சா பலகை ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும், அது உப்பறதுக்குக் காடியில இடம் விடுங்க. மழை மாசத்துல செஞ்சா பலகை உப்பியிருக்கும், காடிக்குள்ள முழு ஆழத்துக்கும் விட்டுடுங்க, சுருங்கினாலும் வெளியே வராது. கடுகு என்ன, கசகசாவே ஒழுகாது. உங்க இழுப்பு மூடி ஏன் வெடிக்கலைன்னு யோசிச்சீங்களா? அது காடியில பசை இல்லாம ஓடுது, அதான். அதே வேலையை அடிக்கும் செய்யுங்க.

அடுத்தது மரத்தைக் காய வைக்கிறது. சுவர்ல சாய்ச்சு வச்சா கீழ் முனை தரை ஈரத்தைக் குடிக்கும், பின்பக்கம் காத்து படாது, பலகை வில்லா வளையும். படுக்கப் போட்டு அடுக்கணும். தரையிலிருந்து ஒரு அடி உசரத்துக்குக் கல்லோ கட்டையோ வச்சு மட்டம் பாருங்க. ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல ஒரு இஞ்ச் ரீப்பர் (ஒல்லியான மரக்கட்டை), ஒன்றரை அடிக்கு ஒண்ணு. மேல ரீப்பர் கீழ ரீப்பருக்கு நேர் மேல வரணும், தள்ளி வச்சா அந்த இடத்துல பலகை தொய்யும். பலகை முனை ரெண்டுலயும் பழைய பெயின்டோ உருக்கின மெழுகோ தடவுங்க, மரம் முனையிலதான் சீக்கிரம் காஞ்சு வெடிக்கும். உச்சியில கனமான கல்லை வைங்க. நிழல் வேணும், காத்து வேணும், நேர் வெயில் ஆகாது. ஒரு இஞ்ச் பலகைக்கு ஒரு வருஷம்னு எங்க ஆளுங்க வாய்க்கணக்கு. நம்ம ஊர்ல அந்த ஒரு வருஷத்துல ஒரு முழுக் கோடை இருந்தாகணும். அதுக்கப்புறம் வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள ஒரு மாசம்.

காஞ்சுதான்னு கையால தொட்டுச் சொல்ல முடியாதும்மா, நானே ஏமாந்திருக்கேன். ஒரு தராசு போதும். ஒரு பலகையில நம்பர் எழுதி வாரத்துக்கு ஒரு தடவை எடை போடுங்க. குறைஞ்சுக்கிட்டே வந்து, நாலு வாரம் ஒரே எடையில நின்னா அது காத்தோட சமம் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. உங்க மூணாவது போட்டோவுல ஓரத்துல வெள்ளையா ஒரு பட்டை தெரியுது. பலாவுல மஞ்சளா இருக்கிற வைரம் (உள்மரம்) தான் மரம். அந்த வெள்ளைப் பகுதியைப் பூச்சி தின்னு உளுத்துப்போகும், மாவா கொட்டும். எவ்வளவு வீணானாலும் வெட்டித் தள்ளுங்க. தஞ்சாவூர்ல வீணைக்குப் பண்ருட்டிப் பலாவைத் தேடி வாங்கறாங்க, அப்படிப்பட்ட மரம் அது. அதுக்கு உரிய மரியாதை குடுத்தா உங்களைக் கைவிடாது.

பதில்: மர ஆர்வலர், நெய்வேலி

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? அடிக்கு மட்டும் 6 மில்லி பிளைவுட் போட்டுடுங்க. ஏறாது, இறங்காது, வெடிக்கவே வெடிக்காது. வெளியில பார்த்தா தெரியாது.

பதில்: பாகூர் ஆசாரி

தம்பி சொல்றது மேசை டிராயருக்குச் சரி, நானும் போடறேன். சமையலறையில தினமும் ஈரத்துணியால துடைக்கிற பெட்டியில பிளைவுட் ஓரம் இதழ் இதழாப் பிரியும். அதுக்கு மேல மிளகாயும் மஞ்சளும் நேரா அந்தப் பசை மேல உக்காரணும். பலாப் பெட்டின்னு சொல்லி வித்துட்டு அடியில ஒளிச்சு வைக்கிறதும் எனக்குச் சம்மதம் இல்லை. சொல்லி விக்கறதா இருந்தா அவங்க இஷ்டம்.

பதில்: குயிலாப்பாளையம் கரண்டி

அக்கா, நான் கரண்டியும் கிண்ணமும் மட்டும் செய்யறேன். ரெண்டு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு.

மழை மூணு மாசமும் அகலப் பலகை வேலையை நிறுத்திட்டு கரண்டிக்கு வந்துடுங்க. கரண்டிக்குப் பச்சை மரம்தான் நல்லது. உளி வெண்ணெயில போற மாதிரி போகும், மெலிசா இருக்கறதால நிழல்ல பத்து பதினஞ்சு நாள்ல காஞ்சிடும். முக்கால் பங்கு செதுக்கி, அதே மரத்தோட சிராய்க் குவியலுக்குள்ள ஒரு வாரம் புதைச்சு வச்சா மெதுவாக் காயும், வெடிக்காது. அப்புறம் எடுத்து முடிச்சிக்கலாம். பட்டறையும் சும்மா கிடக்காது, பண வரவும் நின்னுபோகாது.

பெட்டிக்கு என்ன எண்ணெய் போடறீங்கன்னு எழுதலை. பெயின்ட் கடையில விக்கிற காய்ச்சின ஆளி விதை எண்ணெய்னா உள்பக்கம் போடாதீங்க. சீக்கிரம் காயறதுக்கு உலோக உப்பு கலந்திருப்பாங்க, சாப்பாட்டுச் சாமானுக்கு ஆகாது. நான் தேங்காய் எண்ணெயில தேன்மெழுகை உருக்கி மெலிசாத் தேய்க்கறேன். எண்ணெய் மூணு பங்கு, மெழுகு ஒரு பங்கு. வெளியில ஆளி விதை எண்ணெய் போட்டா, துடைச்ச துணியை உருட்டி மூலையில போடாதீங்க. அந்த எண்ணெய் காயும்போது தானாச் சூடேறி துணி பத்திக்கும். எங்க பட்டறையில ஒரு சாயங்காலம் மரத்தூள் மூட்டைப் பக்கத்துல புகை வந்துச்சு, நல்ல வேளையா அப்ப ஆள் இருந்தோம். தண்ணியில நனைச்சு, விரிச்சு வெளியில காயப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.

வேம்பும் செய்யறீங்களா? உள்ள பொடி வைக்கிற பெட்டிக்கு வேண்டாம், கசப்பு ஏறும்.

பதில்: கடைக்காரப் பெண், புதுச்சேரி

நான் வெள்ளை நகரத்து (ஒயிட் டவுன்) பக்கம் சின்னதா ஒரு கைவினைக் கடை வச்சிருக்கேன். மர வேலை தெரியாது, விலை தெரியும். உங்க 1,450 எப்படி வந்துச்சுன்னு கேக்கலாமா?

ரெட்டிச்சாவடிப் பட்டறை

பக்கத்துக் கடையில ஸ்டீல் அஞ்சறைப்பெட்டி என்ன விலைன்னு பார்த்து அதுக்கு மேல கொஞ்சம் வச்சேன். பிரிச்சுச் சொல்லணும்னா, ஒரு பெட்டிக்கு மொத்தம் ஏழு மணி நேரம் ஆகுது. மரம் கழிவோட சேர்த்து 0.3 கன அடி. புயல் மரம், அறுவைக் கூலி, வண்டி எல்லாம் சேர்த்து கன அடி 1,100 அடக்கம். எண்ணெய், உப்புத்தாள், அட்டைப்பெட்டி எல்லாம் 120. அப்பா மரம் இருந்த வரைக்கும் மரத்துக்குக் காசே போடலை, வீட்டுல இருந்ததுதானேன்னு விட்டுட்டேன்.

பதில்: கடைக்காரப் பெண், புதுச்சேரி

ஓட்டை அங்கதான் இருக்கு. நீங்களே எழுதிட்டீங்க.

மரம் 330. கூலி: நம்ம பக்கம் ஒரு தச்சருக்கு நாள் கூலி ஆயிரம்னு வைங்க, எட்டு மணி நேரத்துக்கு. ஏழு மணி நேரம்னா 875. மத்த செலவு 120. மொத்தம் 1,325. உங்க கைக்கு வர்றது 942. ஒவ்வொரு பெட்டிக்கும் 383 ரூபாய் உங்க பையிலிருந்து போட்டு வித்துட்டிருக்கீங்க. ரெண்டரை வருஷம் தெரியாம போனதுக்குக் காரணம், அந்த 330ஐ உங்க அப்பா கட்டிட்டிருந்தார், மீதி உங்க கூலியில கழிஞ்சுது.

என் கடையில வச்சா, 35 சதவீதம் போக உங்களுக்கு 65தான் வரும். அதனால லாபமே வேண்டாம்னாலும் 1,325ஐ 0.65ஆல வகுக்கணும், 2,038 வருது. ஆசாரி ஐயா சொல்ற மாதிரி மரம் ஒரு வருஷத்துக்கு மேல படுத்துக் கிடக்கணும்னா அந்தப் பணமும் படுத்துக் கிடக்குது. பிளேடு தேயுது, பத்துல ஒண்ணு திரும்பி வருது. எல்லாத்துக்கும் சேர்த்து 15 சதவீதம் மட்டும் வச்சாலே 1,524. கடை விலை 2,350. இதுக்குக் கீழ என்கிட்ட கொண்டு வந்தா நானே வேண்டாம்னு சொல்வேன், ஏன்னா ஒரு வருஷத்துல நீங்க பட்டறையை மூடிடுவீங்க, என் அலமாரி காலியாயிடும்.

2,350க்கு யார் வாங்குவாங்கன்னு நீங்க கேப்பீங்க. 700 ரூபாய் சீஷம் பெட்டியைத் தேடறவங்க உங்க வாடிக்கை இல்லை, அவங்க என் கடைக்குள்ள வர்றதும் இல்லை. என்கிட்ட வர்றவங்க சாமானைக் கையில எடுத்ததும் முதல்ல கேக்கறது "இது என்ன மரம், எங்க செஞ்சது"ன்னுதான். நான் பதில் சொல்ல ஆரம்பிச்சா பத்துக்கு நாலு பேர் வாங்கறாங்க. நீங்க மேல எழுதின ஒரு வரியை, "தானே, பண்ருட்டி"ங்கிறதை, ஒரு சின்னச் சீட்டுல எழுதி ஒவ்வொரு பெட்டியிலயும் வச்சிருந்தா அந்த 140 பெட்டியும் இந்த விலைக்கே போயிருக்கும். உங்க மேல குத்தம் சொல்றதா எடுத்துக்காதீங்க, எனக்கு உண்மையாவே மனசு ஆறலை.

இன்ஸ்டாகிராம்லயும் அதே 2,350தான் வைக்கணும். அங்க குறைச்சுக் குடுத்தா எந்தக் கடையும் உங்க சாமானை வைக்காது. அங்க கிடைக்கிற அதிகப் பணம் நீங்க பதில் எழுதற நேரத்துக்கும், கட்டி அனுப்பற வேலைக்கும், உடைஞ்சு வர்றதுக்கும் சரியாப் போகும்.

அந்த ஆறு பேருக்கும் நீங்களே கூரியர் செலவு போட்டுத் திரும்ப வாங்குங்க. ஹைதராபாத் அம்மாவுக்கு முதல்ல. இவ்வளவு மரியாதையா எழுதறவங்களை விடக்கூடாது.

பதில்: கணக்கு எழுதுபவன், நெல்லிக்குப்பம்

அம்மா, ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, உங்கள் கடைகள் புதுச்சேரி. வண்டியில் கொஞ்ச நேரம்தான், ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணில் அது மாநிலம் தாண்டிய விற்பனை. தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்பவருக்கு ஆண்டு வரவு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் இருப்பவருக்கு அந்த வரம்பு 20 லட்சம். பொதுவாக மாநிலம் தாண்டி விற்றால் வரம்பு பார்க்காமல் பதிவு எடுக்க வேண்டும். கைவினைப் பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு: பொருள் அரசு அறிவித்த பட்டியலில் இருக்க வேண்டும், பெரும்பங்கு கை வேலையாக இருக்க வேண்டும் (இயந்திரம் கொஞ்சம் உதவியிருந்தால் தவறில்லை), மொத்த வரவு 20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பான் எண் வேண்டும், சரக்கு எல்லை தாண்டும்போது மதிப்பு 50,000க்குக் கீழே இருந்தாலும் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல இணையத்தில் எடுக்கும் சீட்டு) எடுக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பத்துப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனாலும் பில் வேண்டும்.

பெரிய இணையச் சந்தைகளில் ஏறுவதாக இருந்தால் இன்னொன்று. 2023 அக்டோபர் 1 முதல் பதிவு இல்லாதவர்களும் அவற்றில் விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். நீங்களே நேரடியாக அனுப்பும் ஹைதராபாத் சரக்கு மேலே சொன்ன கைவினை விலக்கில் வரும்.

மரம் வாங்கிப் படுக்கப் போடப் பணம் வேண்டுமே, அதற்கு ஒரு வழி. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிறைந்தவர்களுக்கு. உங்களுக்கு 36. மர வேலை அதில் வரும். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியிலும் 5 சதவீதம் மானியம். கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பாகூர் ஐயா போன்ற புதுச்சேரிக்காரர்களுக்கு மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம்: கருவிக்கு 15,000, முதல் தவணைக் கடன் ஒரு லட்சம், வட்டி 5 சதவீதம். கடன் எடுத்தால் இயந்திரம் வாங்காதீர்கள், மரம் வாங்குங்கள். இது என் தனிப்பட்ட கருத்து.

ரெட்டிச்சாவடிப் பட்டறை

எல்லாரும் ஒரு வாரமா எனக்காக இவ்வளவு எழுதியிருக்கீங்க. ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். செஞ்சதைச் சொல்லிடறேன்.

ஆறு பேர்கிட்டயும் பேசிட்டேன். நாலு பெட்டி வந்திருக்கு. ஹைதராபாத் அம்மா பெட்டியை முதல்ல பிரிச்சேன். சட்டம் நாலும் நல்லா இருக்கு, அடிப்பலகையை வெட்டி எடுத்துட்டு உள்பக்கம் காடி இழுத்தேன். அப்பா பெட்டியில காடி இழைப்புளி ஒண்ணு இருந்துச்சு, எதுக்குன்னு தெரியாமலே நாலு வருஷமா எண்ணெய் தடவி வச்சிருந்தேன். இரும்பை எடுத்துத் தீட்டிப் போட்டதும் முதல் இழுப்புலயே சுருள் வந்துச்சு. புது அடிக்கு மரம் தேடிப் பரண் ஏறினேன். தானே பலகை எல்லாம் தீர்ந்ததா நினைச்சேன், ஓட்டுக்குக் கீழ மூலையில அஞ்சு அடித் துண்டு ஒண்ணு இருந்துச்சு. முனையில அவங்க கையெழுத்து. அந்த எழுத்து இருக்கிற ஒரு சாண் துண்டை மட்டும் அறுத்து எடுத்து வச்சிட்டு, மிச்சத்துல நாலு பெட்டிக்கும் அடி போட்டேன். காடிக்குள்ள பலகையை விட்டு விரலால தள்ளினா மெல்ல நகருது. முன்னாடின்னா அதை வேலை சரியில்லைன்னு நினைச்சிருப்பேன்.

ஆளி விதை எண்ணெய் உள்பக்கமும் போட்டிருந்தேன். வந்த நாலையும் சுரண்டி, தேய்ச்சு, தேங்காய் எண்ணெயும் மெழுகும் போட்டுட்டேன். துணியைக் கொடியில விரிச்சிருக்கேன்.

விலை 2,350ன்னு மாத்திட்டேன். ஒரு கடைக்காரர் சாமானைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லிட்டார். இன்னொருத்தர் ரெண்டு மாசம் பார்க்கலாம்னார். பயம் போகலை, ஆனா 942க்குத் திரும்பப் போக மாட்டேன்.

ஃபெஞ்சல் மரத்தை நேத்து முழுக்க இறக்கி அடுக்கினேன். 31 பலகை. நாலு பலகை வில்லா வளைஞ்சிருக்கு, அது கரண்டிக்கு. ரீப்பர் 1.5 அடிக்கு ஒண்ணு, மட்டம் பார்த்து, முனைக்கு மெழுகு தடவி, உச்சியில பழைய அம்மிக்கல்லு. ஒவ்வொரு முனையிலயும் பென்சில்ல "ஃபெஞ்சல், 1, தை 2025"ன்னு எழுதிட்டேன். கொக்கித் தராசு ஒண்ணு வாங்கினேன். ஐயா, ஆறு அடிப் பலகை, எட்டு இஞ்ச் அகலம், நம்பர் 7: இன்னைக்கு 6 கிலோ 480 கிராம். அடுத்த வெள்ளிக்கிழமை எடையை இங்கயே எழுதறேன்.